சாயக்காரர் குழியும் நயினாரம்மா துணியும்

என்னைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் கை இரண்டும் முழங்கை வரைக்கும் கிளிப்பச்சையாக இருந்தன. எங்கள் வீட்டுப் பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "இன்னாடி பாஞ்சால, மாப்பிள்ளைக்குத் தோல் வியாதியா?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்குக் கோபம் மூக்கின் மேல் வந்தது. "கல்யாணத்தன்னிக்காவது கையக் கழுவிகினு வரச் சொல்லுங்க" என்று உள்ளேயிருந்தே கத்தினேன். கல்யாணத்தன்று கழுவிக்கொண்டுதான் வந்தார். பச்சை போய் அரக்கு ஏறியிருந்தது. தாலி கட்டுகிறவர் முகத்தைப் பார்க்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் பெயர் தனகோடி. அந்தக் காலத்தில் புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்பார்கள். நான் அப்போதே சொல்லியிருக்கிறேன், கோபம் வந்தால் தெருவுக்கே கேட்கும்படி. ஆரணியிலிருந்து சந்தவாசல் போகிற பக்கம் ஓடைத்தாங்கல் எங்கள் ஊர். பட்டு நெய்கிற வீடுகள் ஒரு தெரு. கச்சாப் பட்டை வேகவைத்துச் சாயம் போடுகிற கொட்டகைகள் மூன்று. மற்றதெல்லாம் நெல்லும் வேர்க்கடலையும். மூன்று கொட்டகையில் பெரியது எங்களுடையது.

அவருக்குக் கலர்தான் எல்லாம். பழைய சேலையின் ஒரு நூலைக் காட்டினால் போதும், மறுநாள் அதே நிறத்தில் நூல் கொடியில் காய்ந்துகொண்டிருக்கும். ஆரணிக் கடைக்காரர்கள் "தனகோடி போட்ட மயில்கழுத்தா?" என்று கேட்டுத்தான் எடுப்பார்கள். அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அந்த மனிதர் உலகத்தையே நிறத்தை வைத்துத்தான் எடைபோடுவார். கத்திரிக்காய் வாங்கி வரச் சொன்னால், கூடையிலேயே பளபளவென்று இருக்கிற ஊதாவாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வருவார். அரிந்தால் உள்ளே புழு நெளியும்.

"தோல் கலரப் பாரு பாஞ்சால, எம்மாம் தெளிவா கீது!" என்பார்.

"தோலையா கொழம்பு வெக்கிறது?" என்று நான் கத்துவேன். வாரம் தவறாமல் இது நடக்கும். அவரும் திருந்தவில்லை, நானும் அவரைச் சந்தைக்கு அனுப்புவதை நிறுத்தவில்லை.

எங்கள் கொட்டகைகள் மேட்டில் இருந்தன. அங்கிருந்து ஒரு கால்வாய் சரிவில் இறங்கித் தாங்கலில் விழும். தாங்கல் என்றால் சின்ன ஏரி. ஜவ்வாது மலையில் பெய்கிற மழை படவேடு வழியாக இறங்கி, வாய்க்காலாகப் பிரிந்து வந்து அதை நிரப்பும். நிரம்பினால் கரையில் விட்டிருக்கிற கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஊர் ஏரிக்குப் போகும், அங்கிருந்து ஆற்றுக்கு. தாங்கல் கரைக்குக் கீழே சக்ரேஸ்வரி அம்மாளின் கிணறு. எங்கள் தெரு மொத்தத்துக்கும் குடிதண்ணீர் அதுதான். அதற்கும் கீழே ராஜவேலு முதலானவர்களின் வயல்கள்.

சக்ரேஸ்வரி அம்மாள் சமண வீட்டுப் பெண். அவர்களை ஊரில் நயினார் என்போம், அதனால் அவர் எங்களுக்கு நயினாரம்மா. என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர், ஆனால் குரலைக் கேட்டால் மாமியார் தோற்றுப்போவார். பட்டு உடுத்த மாட்டார். "ஒரு பொடவைக்கு எத்தினி புழுவ வேக வெக்கிறாங்க, தெரியுமா?" என்று எங்களிடமே சொல்வார், நாங்கள் பட்டில் பிழைக்கிறவர்கள் என்ற தயவு தாட்சண்யமே கிடையாது. விளக்கு வைத்த பிறகு சாப்பிட மாட்டார். வடிகட்டாத தண்ணீரைத் தொட மாட்டார்.

அந்த வடிகட்டுதலை முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. குடத்தின் வாயில் வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துப் போட்டு, கிணற்றுத் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். எல்லாரும் செய்கிறதுதான். ஆனால் அதற்கப்புறம் துணியை உதறவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதில் ரவையில் பாதிகூட இல்லாத பூச்சிகள் துள்ளின. துணியைத் திருப்பி, ஒரு சின்னச் சொம்புத் தண்ணீரில் அலசி, சொம்பைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார். சொம்பின் அடியில் வளையம் வைத்து இன்னொரு கயிறு. தண்ணீர் மட்டம் வந்ததும் அதைச் சுண்டினார். சொம்பு கவிழ்ந்தது.

"பூச்சிக்குப் பல்லாக்கா?" என்றேன்.

"வா, உன்ன இங்கேர்ந்து தள்ளி உடறேன். அடிபடுதா இல்லியான்னு நீயே வந்து சொல்லு" என்றார் நயினாரம்மா. "மேலேர்ந்து கொட்டுனா செத்துப்பூடும்டி. எந்தத் தண்ணியில எடுத்தமோ அந்தத் தண்ணியிலயே உடணும். வேற எடத்துல உட்டாலும் பொழைக்காது." அவருடைய கிணற்றில் எடுக்கிற எல்லாரும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்பது சட்டம். முணுமுணுத்துக்கொண்டே நானும் பழகினேன். அப்புறம் அப்படிச் செய்யாவிட்டால் எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

எழுபதுகளின் நடுவில் வேலை கூடிப்போனது. ஆரணியில் தறி பெருக, எங்கள் அண்டாக்களும் பெருகின. காலையில் சோப்பும் சோடாவும் போட்டுக் கச்சாப் பட்டை வேகவைப்போம். நூல்மேல் இருக்கிற பசை கரைந்து, தண்ணீர் கஞ்சியாகக் கொழகொழத்துக் கால்வாயில் போகும். மத்தியானத்துக்குமேல் சாயம். சாயம் பிடிக்கப் புளிப்பான திராவகம் கொஞ்சம் ஊற்றுவோம். அந்தத் தண்ணீர் சாயங்காலம் போகும். முதலில் ஊருக்கு வேடிக்கையாக இருந்தது. "தாங்கல் இன்னிக்கு மாம்பழக் கலரு கட்டிகீது" என்று சொல்லிச் சிரித்தார்கள். அடுத்தடுத்த வருஷங்களில் சிரிப்பு நின்றது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. கெண்டை மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. மாடுகள் தாங்கல் வரைக்கும் போய், முகர்ந்துவிட்டு, திரும்பி வந்தன. மழை பெய்தும் தவளை கத்தவில்லை. ராஜவேலுவின் நாற்று வேரோடு பழுத்தது.

எழுபத்தெட்டில் ஒரு நாள் காலை, நயினாரம்மா வடிதுணியை விரித்துப் பிடித்தபடி எங்கள் கொட்டகைக்கே வந்துவிட்டார். வெள்ளைத் துணியின் நடுவில் வட்டமாக ஒரு கறை.

"தனகோடி, இது இன்னா கலரு?"

இவர் அண்டாவிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ராணிக் கலருங்க! நேத்து போட்டதுதான். துணியில எப்படி நின்னுகீது பாருங்க!"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கையில் இருந்த கோல் அண்டாவுக்குள் விழுந்தது. நயினாரம்மா திட்டவில்லை. "எங்கெணத்துத் தண்ணிப்பா அது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணியை மடித்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து அவர் தன் கிணற்றில் கயிறு போடவில்லை. தெருவே ரோட்டுப் பம்புக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தது. எதிரில் வருகிற ஒவ்வொருத்தியும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

அதற்கப்புறம் சண்டையும் சமாதானமுமாக இரண்டு வருஷம் இழுத்தது. எண்பத்தொன்றில் பொங்கல் முடிந்ததும் பஞ்சாயத்து ரேடியோ ரூமுக்கு முன்னால் ஊர் கூடியது. ராஜவேலு எழுந்து நின்று கத்தினார். "மூணு கொட்டாயையும் மூடணும். அண்டாவக் கவுத்தாத்தான் எங்களுக்குச் சோறு!"

"கவுத்துட்டா எங்களுக்கு?" என்று இவர் கேட்டார். சாயம் தவிர அவருக்கு வேறு தொழில் தெரியாது. எங்கள் மூன்று கொட்டகையை நம்பி அந்தத் தெருவில் பாதி அடுப்பு எரிந்தது.

யூனியன் ஆபீசிலிருந்து வந்திருந்த சானிட்டரி இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். "மூடறதுக்கு முன்னாடி ஒண்ணு செஞ்சு பாக்கலாம்" என்று சொல்லி, செருப்பு முனையால் மண்ணில் வரிசையாகக் கட்டம் போட்டுக் காட்டினார். முதல் குழியில் தண்ணீர் நின்று தெளிய வேண்டும். இரண்டாவதில் சுண்ணாம்பும் படிகாரமும். "கொஞ்சமா, பாத்துப் போடணும்" என்றார். மூன்றாவதில் மணலும் கரியும். நாலாவதில் சும்மா வெயில் பட்டு நின்று, அப்புறம் தாங்கலுக்கு.

"குழி வெட்ட எடம்?" என்று ராஜவேலு கேட்டார்.

"எங்க முள்ளுக்காடு கீதே, கொட்டாய்க்கும் தாங்கலுக்கும் நடுவுல. அதுல வெட்டிக்கோங்க" என்றார் நயினாரம்மா.

ஊரே வாயைப் பிளந்தது. "அம்மா, உங்களுக்குத்தான் இந்தப் பட்டே ஆவாதே?" என்றார் ராஜவேலு.

"ஆவாதுதான். அதுக்குன்னு அந்த அண்டாவுல வேவுற சோத்த நான் கவுக்கணுமா?" என்றார் அவர். "ஆனா ஒண்ணு. கார்த்தியில தாங்கல் ரொம்பும். அதுக்குள்ள நாலாவது குழித் தண்ணிய நான் வடிகட்டிப் பாப்பேன். நல்ல தண்ணியா இல்லியான்னு எந்துணிதான் சொல்லணும். இல்லேன்னு சொல்லிட்டா, தனகோடி, நீயே அண்டாவக் கவுத்துடணும்." இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டது. இவரும் தலையாட்டினார்.

மாசி முழுக்க வெட்டினோம். சீமைக்கருவேல் முள் கிழிக்காத இடம் உடம்பில் இல்லை. மற்ற இரண்டு கொட்டகைக்காரர்களும் கடப்பாரையோடு வந்தார்கள். போகிற வருகிறவர்கள் "இன்னா தனகோடி, பொதையல் ஆப்டுதா?" என்று கிண்டல் செய்தார்கள். நான் சும்மா விடுவேனா? "ஆப்டா உனக்குத்தான் மொதல்ல குடுப்போம், வந்து மண்ணு அள்ளு" என்பேன். ஒருத்தரும் வரவில்லை.

குழியில் தண்ணீர் விட்ட நாளிலிருந்து அவருக்குச் சோறு தூக்கம் இல்லை. கலர் போகிறதா, போகிறதா என்று குனிந்து குனிந்து பார்ப்பார். கொஞ்சம் சுண்ணாம்பு போட்டார், சிவப்பு ரோஜாவானது. இன்னும் போட்டார், ரோஜா வெளுத்தது. இன்ஸ்பெக்டர் சொன்ன "கொஞ்சமா" என்பதைக் காற்றில் விட்டுவிட்டு, கூடை கூடையாகக் கொட்டினார். ஆடி மாசத்தில் ஒரு நாள் நாலாவது குழியில் தண்ணீர் பளிங்கு மாதிரி நின்றது. அடியில் கிடந்த கூழாங்கல் வரைக்கும் தெரிந்தது.

"பாஞ்சால! கலரு பூட்டுது! ஓடியா, ஓடியா!" என்று குதித்தார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. பித்தளைச் சொம்பைப் புளி போட்டு விளக்கி, அதில் தண்ணீரை மொண்டுகொண்டு இரண்டு பேரும் நயினாரம்மா வீட்டுக்கு ஓடினோம்.

அவர் வடிகட்டினார். துணியை வெயிலில் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கலரு இல்ல" என்றார்.

"ஆமாங்க!"

"ஒண்ணுமே இல்லப்பா. ஒரு உசுருகூட இல்ல."

இவருக்குப் புரியவில்லை. "பூச்சி இல்லேன்னா சுத்தம்தானேங்க?"

"இத்தினி நாளு வெயில்ல நிக்குற தண்ணி. தானா ஒரு பூச்சி பொறக்கலேன்னா அது தண்ணியா?" என்றார் நயினாரம்மா.

இவர் விடவில்லை. "வேணும்னா நல்ல தண்ணியிலேர்ந்து கொஞ்சம் பூச்சிய வடிகட்டி இதுல உட்டுப் பாக்கலாங்களா? பொழச்சா நல்ல தண்ணி."

அப்படியொரு கோபத்தை நான் அந்த அம்மாளிடம் பார்த்ததேயில்லை. "ஏம்பா! எந்துணியில வந்த உசுர எடுத்து உன் குழியில சாவடிச்சுப் பாக்கணுமா? வெளியே போ மொதல்ல!" சொம்பை வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தார். "ஊருல எல்லாரும் பூச்சி இல்லாத தண்ணி வேணும்ங்கிறான். இந்தம்மா பூச்சி வேணும்ங்குது. இன்னா பேஜாருடி இது! நான் எங்க போயி பூச்சிக்குச் சொல்லி அனுப்புவேன்?"

எனக்கும் நயினாரம்மா மேல் ஆத்திரம்தான். வீட்டுக்கு வந்து அந்தச் சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரில் கையைக் கழுவினேன். கை வழுக்கியது. எவ்வளவு கழுவியும் சோப்பு போட்டது போல வழவழவென்று இருந்தது. சாயங்காலத்துக்குள் விரல் நுனியெல்லாம் எரிந்து தோல் சுருண்டது. பளிங்குத் தண்ணீர் அப்படி அரித்துவிட்டது. கையை அவர் மூஞ்சிக்கு நேராக நீட்டினேன்.

"பாத்தியாய்யா உன் கத்திரிக்காய?"

அவ்வளவுதான் சொன்னேன். அவர் என் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாயக்காரர் கண்ணுக்குக் கலர் போனால் அழுக்குப் போயிற்று. சோடாவுக்கும் சுண்ணாம்புக்கும் கலர் ஏது? அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை. நான் திட்டவும் இல்லை. பாவமாக இருந்தது.

மறுநாளிலிருந்து சுண்ணாம்பைக் குறைத்தார். குறைத்தால் நிறம் திரும்பி வந்தது, கொழகொழப்பும் போகவில்லை. ஆவணியும் பாதி ஓடிவிட்டது. அப்போதுதான் வழி கிடைத்தது, அதுவும் என் சோம்பலால். காலையில் பட்டு வேகவைத்த கஞ்சித் தண்ணீர் ஒரு வாளியில் மீந்திருந்தது. கால்வாய் வரைக்கும் தூக்கிப்போக அலுத்துக்கொண்டு, சாயங்காலம் மிச்சமிருந்த புளிப்புச் சாயத் தண்ணீரையும் அதே வாளியில் ஊற்றி வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், பால் திரிந்த மாதிரி எல்லாம் கட்டி கட்டியாகப் பிரிந்து மிதக்கிறது. கட்டியெல்லாம் சிவப்பு. நடுவில் தண்ணீர் தெளிவு. விரலை விட்டேன். வழுக்கவில்லை, எரியவில்லை.

"ஏங்க, தண்ணி திரிஞ்சு பூட்டுது!" என்று கூப்பிட்டேன்.

வந்து பார்த்தார். வாளிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். காலைத் தண்ணீரைக் காலையிலும், சாயங்காலத் தண்ணீரைச் சாயங்காலமும் தனித்தனியாக ஓட்டுவதுதான் அவர் அப்பா காலத்திலிருந்து வழக்கம். ஒன்றோடொன்று சேர்ந்தால் நூலில் சாயம் கெடும் என்று அண்டாவைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறவர்கள். அண்டாவில் சேரக்கூடாததைக் குழியில் சேர்க்கலாம் என்று எவருக்கும் தோன்றவில்லை. "நம்ம ரெண்டு பேரு மாதிரிதான் போல. தனித்தனியா உட்டா ஊரக் கெடுக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். ரொம்ப நாள் கழித்து அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதன் பிறகு காலைத் தண்ணீரை முதல் குழியில் அடைத்து வைத்தோம். சாயங்காலத் தண்ணீர் வந்து சேர்ந்ததும் கலக்கிவிட்டு, திரிந்த கட்டியை வழித்து மேட்டில் காயப்போட்டோம். இரண்டாவது குழிக்குச் சுண்ணாம்பு கையளவே போதுமானது. நாலாவது குழிக்கு வந்த தண்ணீர் பளிங்கு மாதிரி இல்லை. லேசாக ஒரு மங்கல் இருந்தது. அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

இதற்கு நடுவில் ராஜவேலு செய்த வேலையைச் சொல்ல வேண்டும். அவர் வயல் வாய்க்காலைச் சம்பு அடைத்துக்கொண்டிருந்தது. ஆளுயரம் வளர்கிற கோரை அது, விவசாயிக்குச் சனியன். அதை வேரோடு பிடுங்கி, ஒரு வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு வந்து, ஒரு நாள் காலை எங்கள் நாலாவது குழியில் கொட்டிவிட்டார்.

"எங்க வாய்க்கால்ல உன் சாயம் வருதில்ல? உன் குழியில எங்க குப்பை இருக்கட்டும்!" என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினார். நான் மறித்தேன். இரண்டு நாள் கழித்து வாரிப் போட்டுக்கொள்ளலாம் என்றேன். வேலை மும்முரத்தில் வாரவேயில்லை. புரட்டாசி மழையில் பார்த்தால், சம்பு சேற்றில் வேர் பிடித்துப் பச்சைப் பசேலென்று நிற்கிறது. அதன் நடுவில் புகுந்து வந்த தண்ணீரில் அந்த மங்கலும் இல்லை. ஒரு தட்டான் வந்து இலை நுனியில் உட்கார்ந்தது. இவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

கார்த்திகையில் நல்ல மழை. மலைத் தண்ணீர் இறங்கி வந்து தாங்கல் தளும்பியது, கலங்கல் வழியப் போகிறது என்றார்கள். விடிந்ததும் நயினாரம்மா வெறும் வயிற்றோடு வந்தார். கையில் குடம், சொம்பு, புதுத் துணி. பின்னாலேயே ஊர். ராஜவேலு எல்லாருக்கும் முன்னால் நின்றார். கொட்டகையில் அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. துடைத்து வைத்த அண்டாக்களை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இவர் குழிக்கு வந்தார்.

நயினாரம்மா சம்புக்குப் பக்கத்தில் குனிந்து தண்ணீர் மொண்டார். துணியை இரண்டாக மடித்துக் குடத்தின் வாயில் போட்டு ஊற்றினார். மறுபடியும் மொண்டார், மறுபடியும் ஊற்றினார். துணியை எடுத்து வெயிலில் பிடித்தார். அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை, கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றார்.

பிறகு துணியைத் திருப்பினார். சேற்றில் கால் வைத்துக் குழிக்குள் இறங்கினார். துணியைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுபோய், மெதுவாக அலசினார்.

ஊருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. எத்தனை நாள் அந்தக் கிணற்றடியில் முணுமுணுத்துக்கொண்டே அதைச் செய்திருக்கிறேன்! உயிர் இருந்தால்தான் திருப்பி விடுவார். எடுத்த இடத்தில் பிழைக்கும் என்றால்தான் அங்கேயே விடுவார். "ஐயோ நயினாரம்மா!" என்று கத்திவிட்டு, சேறு சகதி பார்க்காமல் கீழே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

"ஆச்சா? நல்லதா கெட்டதா? யாருனா சொல்லுங்களேன்!" என்று ராஜவேலு பறந்தார்.

"அண்டாவ ஏத்தச் சொல்லு" என்றார் நயினாரம்மா.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஊருக்கே தெரியும். இன்னும் இரண்டு மழை தாண்டித்தான் கிணறு தெளிந்தது. அதுவரைக்கும் பம்புக்குத்தான் நடந்தோம், ஆனால் எதிரில் வந்தவர்கள் என்னிடம் நின்று பேசினார்கள். தாங்கலில் கெண்டை திரும்பியது. தவளை கத்துகிற கத்தலில் காது போகிறது என்று இப்போது அதற்கும் குறை சொல்கிறார்கள். அடுத்த ஊர்க்காரர்கள் தங்கள் ஏரியில் மாடு இறங்குவதாகச் சொல்லி அனுப்பினார்கள். கண்ணமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு சாயக்காரர் குழியைப் பார்க்க வந்தபோது, ராஜவேலு முன்னால் வந்து நின்றுகொண்டு, "சம்பு நம்ம யோசனைதாங்க" என்றார். நான் பார்த்த பார்வையில் நகர்ந்து பின்னால் போய்விட்டார். இவர் இன்னும் புழுக் கத்திரிக்காய்தான் வாங்கி வருகிறார். "புழு கீதுன்னா நல்ல காயின்னு அர்த்தம்" என்று இப்போது அதற்கு நியாயம் வேறு.

ஆனால் அன்றைக்குக் குழியடியில் நடந்ததில் ஒன்றை விட்டுவிட்டேன். எல்லாரும் கத்திக்கொண்டிருந்தபோது இவர் மட்டும் சிலை மாதிரி நின்றுகொண்டிருந்தார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "கலரு எப்படிங்க கீது? லேசா மங்கலா...?" என்று கேட்டார்.

"கலர உடுப்பா. இங்க வா" என்றார் நயினாரம்மா. துணியின் ஒரு ஓரத்தை அவர் இன்னும் அலசவில்லை, கையில் குவித்துப் பிடித்திருந்தார். அதை இவர் கண்ணுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். இவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தார். ஈரத் துணியில், நிறமே இல்லாத பொடிப் பொடிப் பூச்சிகள் துள்ளிக்கொண்டிருந்தன. கலர் இல்லாத எதையும் அவ்வளவு நேரம் அவர் பார்த்து நான் கண்டதில்லை.

"மீதிய நீயே உடு" என்று நயினாரம்மா துணியை அவர் கையில் கொடுத்தார்.

அவர் கை அரக்கு நிறத்தில் இருந்தது, கல்யாணத்தன்று இருந்த மாதிரியே. குழிக்குள் இறங்கித் தண்ணீரில் முட்டி போட்டார்.

"மெதுவா, மேலேர்ந்து கொட்டாதீங்க, அடிபடும்" என்றேன் நான்.

"எனக்குத் தெரியும், சும்மா இருடி" என்றார். துணியைத் தண்ணீருக்குள் இறக்கி, அந்த உயிர்கள் எல்லாம் போகிறவரைக்கும் கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.